தோலுக்குள் இருக்கும் குதிரை

தோல் வேலை நடக்கும் வீட்டில் பிறந்த பையனுக்குக் குதிரை முதலில் தோலாகத்தான் அறிமுகமாகும். ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1724-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் அப்படியொரு வீட்டில் பிறந்தார். பதனிட்டு வந்த தோலை எண்ணெய் விட்டு, மெருகேற்றி, சேணம் தைக்கவும் செருப்பு தைக்கவும் ஏற்ற பதத்துக்குக் கொண்டுவருவது அவருடைய அப்பாவின் தொழில். எட்டு வயதிலேயே அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் எலும்புகளை வாங்கி வந்து வைத்துக்கொண்டு வரைவாராம். வெளியே தோல், உள்ளே எலும்பு. இந்த இரண்டையும் குழந்தைப் பருவத்திலேயே கையால் தொட்டுப் பார்த்தவர், இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடியே தன் வாழ்நாளைச் செலவிட்டார் என்று சொன்னால் அது மிகையில்லை.

குதிரையை வரைந்தவர்கள் உலகத்தில் ஏராளம். போர்வீரனைச் சுமக்கிற குதிரை, அரசனைத் தூக்கிக் காட்டுகிற குதிரை, தேரை இழுக்கிற குதிரை என்று ஓவியத்தில் அதற்குப் பெரும்பாலும் வேலைக்காரன் வேடம்தான் கிடைத்தது. ஸ்டப்ஸின் குதிரைகள் பெரும்பாலும் யாரையும் சுமக்காமல் சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்பதை வரைவதற்கு அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் படங்கள் முழுசாகப் புரியும்.

பதினாறு பதினேழு வயதில் ஹாம்லெட் வின்ஸ்டான்லி என்ற ஓவியரிடம் வேலை பழகப் போனார். ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்த பழைய ஓவியங்களைப் பார்த்து நகலெடுப்பதுதான் அங்கே பாடம். எந்தப் படத்தை நகலெடுப்பது என்பதில் குருவுக்கும் சிஷ்யனுக்கும் தகராறு வந்தது. இனி எந்தப் படத்தையும் பார்த்து வரைய மாட்டேன், இயற்கையை நேரே பார்த்துத்தான் வரைவேன் என்று சொல்லிவிட்டு ஸ்டப்ஸ் வெளியேறினார். அந்த வயதில் பலரும் கோபத்தில் இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் பிறகு மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு முறையான குரு என்று யாருமே கிடையாது.

யார்க் நகரத்துக்குப் போய், வயிற்றுப்பாட்டுக்கு மனிதர்களின் உருவப்படம் வரைந்தார். அங்கே இருந்த மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஒருவரின் துணையோடு மனித உடற்கூறு படித்தார். ஜான் பர்ட்டன் என்ற மருத்துவர் பிரசவ மருத்துவம் பற்றி எழுதிய நூலுக்கு, 1751-ல் வெளிவந்தது அது, கருப்பையில் குழந்தை கிடக்கும் நிலைகளைப் படமாக்கிக் கொடுத்தவர் ஸ்டப்ஸ்தான். படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்க வேண்டும், ஆனால் அவருக்குச் செதுக்கத் தெரியாது. வீட்டுக்குச் சாயம் அடிக்கும் ஒருவரிடம் போய் ஆரம்பப் பாடம் கேட்டுக்கொண்டு, அரைப்பென்னிச் செப்புக் காசு ஒன்றின் மேல் மெழுகு பூசிக் கீறிப் பழகினார். எந்த வேலையையும் அடிமட்டத்திலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இந்தக் குணம் பின்னால் அவருக்கு மிகவும் கைகொடுத்தது.

1754-ல் ரோமுக்குப் போனார். அந்தக் காலத்து ஓவியனுக்கு ரோம் ஒரு தீர்த்த யாத்திரை மாதிரி. மற்றவர்கள் பழைய சிற்பங்களை வரைந்து வரைந்து நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஸ்டப்ஸ் போனதன் காரணமே வேறு. கலையைவிட இயற்கைதான் உயர்ந்தது என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளப் போனதாகவும், சரிபார்த்த உடனே கிளம்பிவிட்டதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் வந்ததுதான் ஹார்க்ஸ்டோ.

லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ ஒரு சின்ன கிராமம். 1756-ல் ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, சுமார் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருந்தார். கூட இருந்து உதவியவர் அவருடைய வாழ்க்கைத் துணையான மேரி ஸ்பென்சர் மட்டும்தான். அங்கே அவர் செய்த வேலையை, பிற்காலத்தில் அவரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறார் ஓசியாஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவிய நண்பர்.

ஒரு குதிரையைக் கொண்டுவருவார்கள். கழுத்து நாளத்தை வெட்டி, இரத்தத்தை வடியவிட்டு அதைக் கொல்வார்கள். பிறகு இரத்தக் குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார்கள். குழாய்கள் சுருங்கிப் போகாமல் உயிரோடு இருந்தபோது இருந்த பருமனிலேயே உறைந்து நிற்கும். கூரையில் ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி, அதிலிருந்து தொங்கும் கொக்கிகளை விலா எலும்புகளுக்கு நடுவே மாட்டி உடலைத் தூக்கி நிறுத்துவார்கள். குளம்புகளுக்குக் கீழே ஒரு பலகை தொங்கும். நான்கு கால்களையும் அதன்மேல் வைத்து, குதிரை நடக்கும்போது கால்கள் எப்படி இருக்குமோ அப்படியே அமைப்பார். அப்புறம் தோலை உரித்து வரைவார். முதல் அடுக்குத் தசையை எடுத்துவிட்டு மறுபடி வரைவார். அடுத்த அடுக்கு, அதற்கடுத்த அடுக்கு என்று கடைசியில் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும்வரை இது நடக்கும். ஒவ்வோர் அடுக்கையும் முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்து வரைய வேண்டும், ஒவ்வொரு தசைக்கும் விளக்கம் எழுத வேண்டும். ஓர் உடல் ஆறேழு வாரம்கூடத் தொங்கியிருக்கிறது. பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் கையில் இல்லாத காலம். அந்த வீட்டின் நாற்றத்தையும் ஈக்களையும் நினைத்துப் பாருங்கள். செத்த குதிரையை ஒற்றை ஆளாக முதுகில் சுமந்து குறுகலான படியில் ஏறினார் என்றுகூட அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும். குதிரையை இவ்வளவு நேசித்தவர் குதிரையைக் கொன்றுதான் அதைக் கற்றுக்கொண்டார். இதை மூடி மறைத்துவிட்டு அவருடைய அன்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அன்பு, ஆர்வம், ஈரமில்லாத பார்வை ஆகிய மூன்றும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. அந்தக் கோட்டோவியங்களைப் பார்த்தால் கொடூரம் எதுவும் தெரியாது. தோல் இல்லாத குதிரை ஒன்று தலையை நிமிர்த்தி அமைதியாக நடந்து போவது மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒரு தசைநார் எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தில் பென்சிலின் அழுத்தம் மெல்லக் குறைவது தெரியும். தான் வெட்டிய உடலுக்கு அவர் திருப்பிக் கொடுத்த மரியாதை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இந்த ஓவியங்களை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய்ச் செதுக்குக் கலைஞர்களிடம் காட்டினார். இதையெல்லாம் செதுக்க முடியாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். சரி, நானே செதுக்குகிறேன் என்று உட்கார்ந்தார். பகலில் படம் வரைந்து சம்பாதிக்க வேண்டும். ஆகவே விடிகாலையும் இரவும்தான் செதுக்கும் நேரம். இப்படியே ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1766-ல் 'குதிரையின் உடற்கூறு' நூலை வெளியிட்டார். அதற்கு முன்பு ஐரோப்பாவில் குதிரை உடற்கூறுக்கு ஆதாரமாக இருந்தது, 1598-ல் இத்தாலியில் வெளிவந்த கார்லோ ரூயினியின் நூல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் அதையே திருப்பித் திருப்பி நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டப்ஸின் நூல் வந்ததும் கால்நடை மருத்துவர்கள், குதிரை வளர்ப்பவர்கள், ஓவியர்கள் என மூன்று தரப்புக்கும் அதுவே கையேடாகிவிட்டது. அந்த மூல ஓவியங்களில் 42 இன்று லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர்கள் சங்கத்தில் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஓவியன் அந்தக் காலத்தில் தோன்றியதற்குப் பின்னால் பணமும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்று மூன்று கீழைநாட்டுப் பொலிகுதிரைகள் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. உள்ளூர்ப் பெண்குதிரைகளோடு அவற்றைச் சேர்த்து உருவானதுதான் இன்று உலகம் முழுக்கப் பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனம். பிரபுக்கள் குதிரைக்காகச் சொத்தையே கொட்டினார்கள். வம்சாவளியை எழுதி வைத்தார்கள். ஒரு நல்ல குதிரையின் மதிப்பு ஓர் எஸ்டேட்டின் மதிப்புக்குச் சமமாக இருந்தது. அப்படிப்பட்ட குதிரைக்கு உருவப்படம் வேண்டுமென்று சொந்தக்காரர் கேட்பது இயல்புதானே. ஆனால் அன்றைய குதிரைப் படங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே சாயலில் இருக்கும். நிறத்தை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். தன் குதிரையின் தோள்பட்டை எப்படி இருக்கும், முழங்கால் எப்படி மடங்கும் என்று சொந்தக்காரருக்கு அத்துபடி. அவருடைய கண்ணை ஏமாற்ற முடியாது. அந்தக் கண்ணுக்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆளாக ஹார்க்ஸ்டோவிலிருந்து வந்து நின்றார் ஸ்டப்ஸ்.

பின்னாளில் இரண்டு முறை இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ராக்கிங்ஹாம் பிரபு அவரை அழைத்தது 1762-ல். வரையவேண்டிய குதிரையின் பெயர் விசில்ஜாக்கெட். அந்தக் காலத்துச் சளி மருந்து ஒன்றின் பெயராம் அது. கோடால்ஃபின் அரேபியனின் பேரன். 1759-ல் யார்க் பந்தயத்தில் நான்கு மைல் ஓடி 2000 கினி (அன்றைய ஆங்கிலேயத் தங்கக் காசு) பணயத்தை வென்று கொடுத்திருந்தது. முரட்டுக் குதிரை என்று பெயர் எடுத்ததும்கூட.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்தப் படம் ஒன்பதரை அடிக்கு மேல் உயரம், எட்டு அடி அகலம். ஏறக்குறைய உயிருள்ள குதிரையின் அளவு. பின்னங்கால்கள் இரண்டையும் ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. செம்பழுப்பு உடல், அதைவிட வெளிறிய பிடரியும் வாலும். தலையை லேசாகத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. பின்னணியில் மரமோ வானமோ தரையோ கிடையாது, ஓர் இளமஞ்சள் வெறுமைதான். பின்னங்குளம்புகளுக்குக் கீழே இரண்டு சின்ன நிழல்கள் மட்டும் விழுந்திருக்கின்றன. அந்த இரண்டு நிழலை விரலால் மறைத்துப் பார்த்தால் குதிரை காற்றில் மிதக்கும், விரலை எடுத்தால் அத்தனை எடையும் தரையில் இறங்கும். தரையை வரையாமலே தரையைக் காட்டிவிட்டார். வயிற்றுப் பக்கம் புடைத்திருக்கும் நரம்பு, தொடையில் ஒரு தசையின் மேல் இன்னொன்று ஏறி இறங்கும் இடம், முழங்காலுக்குக் கீழே தோல் இழுபட்டு மின்னும் இடம் என்று ஹார்க்ஸ்டோவில் உரித்துப் பார்த்த ஒவ்வொன்றும் இங்கே தோலைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

குதிரையின் முதுகில் பின்னர் அரசர் மூன்றாம் ஜார்ஜின் உருவத்தை இன்னொருவர் வரைந்து சேர்ப்பதாக ஏற்பாடு இருந்தது, அதனால்தான் பின்னணி இல்லை என்று ஒரு பேச்சு நெடுங்காலம் இருந்தது. அதே ஆண்டில் அதே பிரபுவுக்காக ஸ்டப்ஸ் வரைந்த பெண்குதிரைகளும் குட்டிகளும் உள்ள படத்திலும் பின்னணி கிடையாது. ஆகவே வெறுமையாக விட்டது வேண்டுமென்றே செய்ததுதான் என்பதே என் எண்ணம். ஹம்ஃப்ரி எழுதி வைத்திருக்கும் கதை இன்னும் சுவையானது. படம் முடியும் தறுவாயில் அதை லாயத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாராம். பையன் ஒருவன் விசில்ஜாக்கெட்டை நடத்திக்கொண்டு வந்தபோது, எதிரே நின்ற 'குதிரை'யைப் பார்த்து அது நடுங்கி, சீறி, படத்தின் மேல் பாயப் போயிருக்கிறது. ஸ்டப்ஸ் வண்ணத் தட்டாலும் கோலாலும் அதை அடித்து விரட்ட வேண்டியதாயிற்று. நடந்ததோ இல்லையோ, அந்தப் படத்தின் முன்னால் நின்றவர்களுக்கு இந்தக் கதையை நம்பத் தோன்றும். 1997-ல் நேஷனல் கேலரி இதை 1 கோடியே 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

புகழ் பரவியதும் குதிரையல்லாத விலங்குகளும் அவரைத் தேடி வந்தன. அரசியிடம் இருந்த வரிக்குதிரையை 1763-ல் வரைந்தார். நம் ஊரோடு ஒரு தொடர்பும் இதில் உண்டு. மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட், ஊர் திரும்பியபோது ஒரு சிவிங்கிப்புலியை அரசருக்குக் காணிக்கையாகக் கொண்டுபோனார். 1764-ல் வின்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமானின் மேல் ஏவிப் பார்த்தார்கள். பிகாட்டுக்காக ஸ்டப்ஸ் அதை வரைந்தார். படம் இன்று மான்செஸ்டரில் இருக்கிறது. சிவிங்கியின் கண்மூடித் துணியை விலக்கிப் பிடித்தபடி ஓர் இந்தியர், மானைச் சுட்டிக் காட்டியபடி இன்னொருவர். வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த அந்த இருவரையும் அலங்காரப் பொம்மைகளாக அவர் ஆக்கிவிடவில்லை. தனித்தனி முகம், தனித்தனி கவனம், வேலை தெரிந்த கைகள். லாயத்துப் பையன்களையும் அவர் இப்படித்தான் வரைவார். குதிரையைப் பார்த்த அதே கண்ணால் மனிதரையும் பார்த்தார்; சமூகத்தில் யாருக்கு என்ன இடம் என்பது அந்தப் பார்வையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தவர் ஒன்றைத் தவறாகத்தான் வரைந்தார். பாய்ந்து ஓடும் குதிரை. முன்னங்கால்கள் இரண்டும் முன்னே நீள, பின்னங்கால்கள் இரண்டும் பின்னே நீள, வயிறு தரைக்கு இணையாகப் பறப்பது மாதிரிதான் அவரும் வரைந்தார், அவர் காலத்தில் எல்லோரும் வரைந்த மாதிரியே. 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம்பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேர்ந்திருக்கின்றன. ஸ்டப்ஸ் இறந்து 72 ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் இது.

கத்திக்கு எட்டியதெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் ஓட்டம் கத்திக்கு எட்டாது. கொக்கியில் தொங்கும் குதிரை, கால்களை எங்கே வைக்கிறோமோ அங்கே வைத்துக்கொள்ளும். உயிருள்ள குதிரை பாயும்போது அதன் கால்களை மனிதக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. இது ஸ்டப்ஸுக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஓட்டத்தை அவர் பெரும்பாலும் தள்ளியே வைத்தார். 1765-ல் வரைந்த 'நியூமார்க்கெட் வெளியில் கிம்கிராக்' படத்தைப் பாருங்கள். கிம்கிராக் என்ற குதிரை பந்தயத்தில் ஜெயிக்கும் காட்சி பின்னால், தொலைவில், சின்னதாக இருக்கிறது. அங்கே கால்கள் அந்தப் பழைய தவறான நீட்டலில்தான் இருக்கின்றன. படத்தின் முன்பகுதியில் அதே கிம்கிராக் மறுபடியும் இருக்கிறது. ஓட்டம் முடிந்து, வியர்வை துடைக்கும் கொட்டகையின் அருகே நின்று மூச்சு வாங்குகிறது, பையன் உடம்பைத் தேய்த்துவிடுகிறான். பார்வையாளர் மேடையில் ஆளே இல்லை. ஜெயித்த கணத்தைவிட ஜெயித்த பிறகு வரும் களைப்புதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. 2011-ல் இந்தப் படம் ஏலத்தில் 2 கோடியே 24 லட்சம் பவுண்டுக்குப் போனது.

உயிரோடு இருந்தபோது அவருக்கு இத்தனை மரியாதை கிடைக்கவில்லை. ஓவியங்களில் புராணமும் சரித்திரமும்தான் உயர்ந்த சாதி, விலங்குப் படம் கீழ்வரிசை என்று ராயல் அகாடமியின் ஆட்கள் தீர்மானித்து வைத்திருந்த காலம். 'குதிரை ஓவியர்' என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து விடுபட, சிங்கம் குதிரையைத் தாக்கும் காட்சியை எண்ணெய் வண்ணத்திலும் வெட்ஜ்வுட் என்ற மட்பாண்ட நிறுவனம் செய்து கொடுத்த சுட்ட களிமண் தகடுகளிலும் முப்பது ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் வரைந்தார். அதற்கும் கற்பனையை மட்டும் நம்பவில்லை. அரசரின் லாயத்துக்குப் போய், ஒரு வெள்ளைக் குதிரையின் முன்னால் துடைப்பத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, அது மிரளும்போது காதும் மூக்கும் என்ன ஆகின்றன என்று பார்த்துத்தான் வரைந்தார். 1781-ல் அகாடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. வழக்கமாகக் கொடுக்கவேண்டிய ஓவியத்தை அவர் கொடுக்கவே இல்லை, அதனால் அந்தப் பதவியும் நிலைக்கவில்லை. இறந்த பிறகு நூறாண்டுக்கு மேல் குதிரைப் பிரியர்களின் வீட்டுச் சுவர்களில்தான் அவர் பெயர் பிழைத்திருந்தது. அமெரிக்கச் செல்வந்தர் பால் மெல்லன் 1936-ல் அவருடைய குதிரைப் படம் ஒன்றை வாங்கினார். அதன் பிறகுதான் சேகரிப்பும் ஆய்வும் மெல்ல மெல்லத் தொடங்கின.

கடைசிக் காலத்துப் பெரிய படம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1799 மார்ச்சில் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரண்டு குதிரைகளுக்கு நேருக்கு நேர் போட்டி. 3000 கினி பணயம், நான்கு மைல் தூரம். ஹாம்பிள்டோனியன் மயிரிழையில் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தது சாட்டையும், சவாரிக்காரரின் குதிகாலில் இருக்கும் முள்ளும்தான். இரண்டு குதிரைகளையும் குத்திக் கிழித்திருந்தார்கள். சொந்தக்காரரான சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட், வெற்றியைக் கொண்டாட ஸ்டப்ஸிடம் படம் கேட்டார். ஸ்டப்ஸுக்கு அப்போது ஏறக்குறைய 75 வயது.

ஏறக்குறைய பன்னிரண்டு அடி அகலத் துணியில் அவர் வரைந்ததில் கூட்டமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஓடி முடித்த குதிரை மட்டும் நிற்கிறது. காதுகள் பின்னால் மடிந்திருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது. கழுத்தின் நரம்பெல்லாம் தெரிகிறது. ஒரு பக்கம் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர். மறுபக்கம் துடைக்கும் துணியோடு லாயத்துப் பையன். அவர்கள் இருவரும் குதிரையைப் பார்க்காமல் படத்துக்கு வெளியே நிற்கும் நம்மையே நேராகப் பார்க்கிறார்கள், முகத்தில் சிரிப்பு இல்லை. பணம் கொடுக்க வேண்டியவர் தகராறு செய்தார். ஸ்டப்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார், வழக்கிலும் ஜெயித்தார். 1806 ஜூலை 10 அன்று, 81-ம் வயதில், மனிதன், புலி, கோழி மூன்றின் உடலையும் அருகருகே வைத்து ஒப்பிடும் நூல் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் வீட்டில் இறந்தார்.

அந்தப் படத்தில் பையனுடைய ஒரு கை, துணி இல்லாத கை, குதிரையின் கழுத்துக்கு மேலாகப் போய் அதன் பிடரியோடு அணைந்தாற்போல் கிடக்கிறது.